பாத்தியில் விளையும் பாடம்

 

கீழ்புத்துப்பட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். பிப்ரவரி முதல் மழைக்காலம் பிறக்கும் வரை அங்கே வெண்குவியல்கள் வெயிலில் பளபளக்கும். அந்த வெயிலில் நின்று உழைப்பவர்களின் பிள்ளைகளில் ஒருவரை அழைத்து, "ஆவியாதல் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். புத்தகத்தில் உள்ள வரையறையை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார். "உன் அத்தா பாத்தியில் செய்வது என்ன?" என்று அடுத்துக் கேளுங்கள். "உப்பு எடுக்கிறார்" என்பார். முதல் கேள்வியின் விடைதான் இரண்டாவது கேள்வியின் விடையும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அதை அவருக்கு எவரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

நம் பள்ளிக்கூடங்களில் அறிவியல் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதைப் பற்றி உங்களிடம் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். நான் கலைப் பிரிவில் பட்டம் பெற்றவன். மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுப்பவன். "மதரஸா ஆசிரியருக்கும் அறிவியல் வகுப்புக்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கக்கூடும். பகலில் பள்ளியில் அமர்ந்திருக்கும் அதே பிள்ளைதான் மாலையில் என் முன்னே அமர்கிறது. பகலில் கிடைக்காத விடைகளுக்கான கேள்விகளை என்னிடம் கொண்டு வருகிறது. தொடர்பு இவ்வளவுதான்.

மக்தபில் நாங்கள் மனனத்தைப் போற்றுகிறோம். ஓர் எழுத்தின் ஒலி எந்த இடத்தில் பிறக்க வேண்டுமோ அந்த இடத்தில் பிறக்கும் வரை பிள்ளையைத் திரும்பத் திரும்ப ஓதச் செய்கிறோம். இறைவேதத்தை நெஞ்சில் சுமக்கும் ஹாபிள்கள் தலைமுறை தலைமுறையாக வந்திருப்பது அந்தப் பயிற்சியால்தான். மனனம் என்பது பெரும் செல்வம். அதை இகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒவ்வொரு கலைக்கும் அதற்குரிய வழி ஒன்று உண்டு. நீச்சலை மனனம் செய்து கற்க முடியுமா? அறிவியலும் அப்படிப்பட்டதே. கையால் தொட்டு, கண்ணால் பார்த்து, அளந்து, "இது ஏன் இப்படி?" என்று கேட்டுக் கற்க வேண்டிய கலை அது. அதையும் மனனத்துக்குள் அடைத்துவிட்டால் பிள்ளைக்கு மதிப்பெண் கிடைக்கும், அறிவியல் கிடைக்காது.

உப்பளத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றுள் நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் உப்பு ஏறத்தாழ 27 கிராம். மீதி, சுண்ணாம்பு வகைகளும் மெக்னீசியம் வகைகளும் பிறவும். நீரை ஒரே பாத்தியில் விட்டு முழுவதுமாகக் காயவைத்தால் இவை எல்லாம் ஒன்றாகக் கலந்து வாயில் வைக்க முடியாத ஒரு கலவைதான் மிஞ்சும். அதனால்தான் உப்பளத்தார் நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி நகர்த்துகிறார்கள். நீர் ஏறத்தாழப் பாதியாகச் சுண்டும்போது சுண்ணாம்பு படியத் தொடங்குகிறது. ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம் படிகிறது. பத்தில் ஒரு பங்காக வற்றிய பிறகே உப்புப் பூக்கத் தொடங்குகிறது. அந்த வேளையை அறிய, நீரில் மிதக்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றை வைத்து "டிகிரி" பார்க்கிறார்கள். பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் போமே 1768-இல் வகுத்த அளவு அது. கடல்நீர் அதில் மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். உப்புப் பூப்பது ஏறத்தாழ 25 டிகிரியில். முப்பதை நெருங்கும்போது எஞ்சிய நீரை வெளியேற்றிவிடுகிறார்கள். அந்த நீரில் மிஞ்சியிருப்பது மெக்னீசிய உப்புகள். அவைதாம் கசப்புக்கும், மழை நாளில் உப்பு கசிந்து ஈரமாவதற்கும் காரணம்.

என் மாணவர் ஒருவர், பத்து வயதுச் சிறுவர், ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், எல்லாத் தண்ணீரும் கரிக்கும்போது கடைசித் தண்ணீர் மட்டும் ஏன் கசக்கிறது?" அவர் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார்! இந்தக் கேள்வியைப் பாடநூல் எழுதியவர் கேட்கவில்லை; தேர்வுத்தாள் தயாரித்தவரும் கேட்கவில்லை. மேலே நான் சொன்ன வேதியியல் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. இப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளையை வகுப்பறையில் வைத்துக்கொண்டு, "கரைசல் என்பது யாது? இரண்டு மதிப்பெண்" என்று எழுதிப் போடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கடற்கரையில் பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. கழுவெளி ஏரி எங்களுக்கு அருகில் இருக்கிறது. எடையந்திட்டுக் கழிமுகத்தின் வழியே கடலோடு கலக்கும் உவர்நீர் ஏரி அது. 2021 டிசம்பரில் தமிழக அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அங்கே வரும் பூநாரையின் இளஞ்சிவப்பு நிறம் அது உண்ணும் பாசியிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும் வருவது. முற்றிய உப்புப் பாத்தியின் செந்நிறத்துக்கும் உப்பிலே வாழப் பழகிய நுண்ணுயிர்களே காரணம். வேதியியல், உயிரியல், இயற்பியல் மூன்றும் வீட்டு வாசலில் கிடக்கின்றன. பேருந்துச் செலவுகூட இல்லை.

வகுப்பறைக்கு வெளியே ஒரு பாடம் என்ன செய்யும் என்பதற்கு நம் சமுதாயத்திலேயே சான்று இருக்கிறது. இராமேசுவரத்துத் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று மாலையே அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். பறவைகள் சிறகடித்து எழுவதையும் வாலை வளைத்துத் திரும்புவதையும் நேரில் காட்டி மீண்டும் விளக்கினார். கூட்டத்தில் நின்ற சிறுவர்களில் ஒருவர், மரைக்காயர் வீட்டுப் பிள்ளை, பின்னாளில் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தார். நாட்டின் குடியரசுத் தலைவராகவும் ஆனார். டாக்டர் அப்துல் கலாம் இந்த நிகழ்ச்சியை மேடைக்கு மேடை சொல்லி வந்தார். தம் வாழ்வின் திசையை அந்த மாலைப் பொழுதே தீர்மானித்தது என்பது அவர் கருத்து. அந்த ஆசிரியரிடம் விலை உயர்ந்த கருவி எதுவும் இருக்கவில்லை. தாம் சொன்னது பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்பதைக் கண்டுகொள்ளும் மனமும், எழுந்து நடக்கும் கால்களும் இருந்தன.

"ஓர் ஆசிரியர் செய்யலாம், ஊரெல்லாம் நடக்குமா?" என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. பிள்ளைகள் நால்வர் நால்வராக அமர்ந்து, எளிய பொருள்களைக் கொண்டு தாங்களே சோதனை செய்து, கண்டதை எழுதி, காரணத்தைப் பேசித் தெளிய வேண்டும் என்பதே அதன் முறை. தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஏனெனில் கேட்கப்படுவது நினைவாற்றல் அன்று, சிந்தனை. பிள்ளைகள் ஐயங்களைக் கடிதமாக எழுதிக் கேட்பதற்கென்றே 'சவாலிராம்' என்னும் கற்பனை நண்பர் ஒருவரும் இருந்தார். 1978-இல் அத்திட்டம் மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 1982-இல் உருவான ஏகலைவா என்னும் அமைப்பு அதை வளர்த்தது. அங்கே பணியாற்றிய பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ரப்பர்க் குழாயையும் கொண்டு வடிவியல் கற்பிக்கும் வழியைக் கண்டார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆயினும் 2002-இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்திவிட்டது. முப்பதாண்டு உழைப்பு ஓர் ஆணையில் முடிந்தது. பெற்றோர் தமக்குரியதென்று காக்காத எந்த நல்ல திட்டமும் இப்படி முடியக்கூடும் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் தமிழகத்திலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் 'துளிர்' என்னும் சிறுவர் அறிவியல் மாத இதழைத் தமிழில் கொண்டு வருகிறது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டன, கைப்பேசியைக் காட்டினால் படமும் விளக்கமும் திரையில் விரியும். 2022 நவம்பரில் அரசு 'வானவில் மன்றம்' என்னும் திட்டத்தைத் திருச்சியில் தொடங்கியது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, கருத்தாளர்கள் கருவிகளோடு பள்ளிக்கே வந்து சோதனை செய்து காட்டும் திட்டம் அது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை.

இருந்தாலும் ஒரு சொல் சொல்ல வேண்டும். திரையில் ஒரு சோதனையைப் பார்ப்பதும் அதைச் செய்வதும் ஒன்றல்ல. பிரியாணி ஆக்குவதைப் படத்தில் பார்த்தால் பசி தீருமா? திரையில் நடக்கும் சோதனை தோற்பதே இல்லை. நம் பிள்ளை செய்யும் சோதனை தோற்கும். குளிர்பானக் குழலின் அடியைக் களிமண்ணால் அடைத்து மிதக்கவிட்டு "டிகிரி" பார்க்கும் கருவி ஒன்றை என் மாணவர்கள் செய்தார்கள். முதல் குழல் கவிழ்ந்தது, இரண்டாவது மூழ்கியது, மூன்றாவது நிமிர்ந்து நின்றது. நல்ல தண்ணீரில் ஆழமாகவும், உப்புநீரில் மேலே எழும்பியும் அது நின்றபோது, மிதப்பு விதியை அவர்களுக்கு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. முதல் இரண்டு குழல்கள்தாம் பாடம் நடத்தின. தொழில்நுட்பக் கல்வி என்பதும் கணினியை இயக்கப் பழகுவதோடு முடிவதன்று. ஒரு பொருளைச் செய்து, அது ஏன் பழுதாகிறது என்று கண்டு, திருத்துவதே அதன் உயிர்.

இங்கே என் உள்ளத்தை வருத்திய ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். என்னிடம் ஓதிய மாணவி ஒருவர் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றார். அறிவியலில் மிகுதியாகவே பெற்றார். பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு வேண்டாம் என்று வீட்டில் முடிவாயிற்று. தந்தை உப்பு லாரிகளுக்குக் கணக்கு எழுதுபவர்; பண்பானவர். "ஏன் பாய்?" என்று கேட்டேன். பிறர் நினைப்பது போல் மார்க்கத்தைக் காரணமாக அவர் சொல்லவில்லை. "ஹஜ்ரத், செய்முறை வகுப்பு முடிந்து பேருந்து பிடித்து வந்து சேர இருட்டிவிடும். நிறுத்தத்திலிருந்து வீடு வரை தனியாக நடக்க வேண்டும். பதிவேடு, தனிவகுப்பு என்று செலவும் இருக்கிறது. கலைப் பிரிவென்றால் நேரத்தோடு வந்துவிடும்" என்றார். ஒரு தந்தையின் கவலை அது. அதில் குறை காண எனக்கு உரிமையில்லை.

மகளைக் கேட்டேன். அவர் சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை. "ஹஜ்ரத், எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. சோதனைக் குழாயை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அங்கே போய்த் தெரியாமல் நின்றால் எல்லாரும் சிரிப்பார்கள்." பத்தாண்டு படிப்பு, அறிவியலில் உயர்ந்த மதிப்பெண், சோதனைக் குழாயைத் தொட்டதில்லை!

கலைப் பாடங்கள் தாழ்ந்தவை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். வரலாறு படித்துத்தான் நானும் வாழ்கிறேன். விரும்பி ஏற்றால் எந்தப் பிரிவும் உயர்ந்ததே. ஆனால் விருப்பம் ஓரிடத்தில் இருக்க, இருட்டுக்கும் அச்சத்துக்கும் பயந்து வேறோர் இடத்தில் ஒதுங்குவது தேர்வாகாது. அந்தத் தந்தையிடம் இரண்டு பெயர்களைச் சொன்னேன். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், நம் விழுப்புரத்துக்காரர். ரயில்வே ஊழியரின் மகன். பாலிடெக்னிக்கில் பட்டயம் படித்து உயர்ந்தவர். அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையைச் சேர்ந்த நம் சமுதாயப் பெண்மணி. அவ்வூர் அரசுப் பெண்கள் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரிக்குச் சென்று, 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். அவர் வழிநடத்திய கலம் பூமியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் தனக்குரிய இடத்தை 2024 ஜனவரி 6 அன்று அடைந்தது.

தந்தை அமைதியாகக் கேட்டார். பிறகு, "அதெல்லாம் சரி ஹஜ்ரத், இருட்டுக்கு என்ன வழி?" என்றார். நியாயமான கேள்வி. பெரிய பெயர்கள் தெருவிளக்காகா. அந்த இருட்டுக்கு வழி கண்டவர்கள் எங்கள் பகுதித் தாய்மார்கள். அதே பேருந்தில் வரும் வேறு இரண்டு வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கண்டறிந்தார்கள். ஒருவர் மறுவாழ்வு முகாமில் வசிக்கும் இலங்கைத் தமிழர் வீட்டுப் பிள்ளை. செய்முறை வகுப்பு நாள்களில் மூன்று வீட்டாரும் முறை வைத்து நிறுத்தத்தில் காத்திருப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். மாணவி இப்போது அறிவியல் பிரிவில் படிக்கிறார். தனிவகுப்புச் செலவு இன்னும் அந்த வீட்டுக்குச் சுமையாகத்தான் இருக்கிறது. நாளை என்ன ஆகும் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

வாசகர்களே! நம் மேடைகளில் இப்னு ஹைதமின் பெயரையும் இப்னு ஷாதிரின் பெயரையும் பெருமையோடு சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவர்கள் எப்படி அறிஞர்கள் ஆனார்கள்? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இப்னு ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதால் பார்வை உண்டாகிறது என்று முன்னோர் எழுதியதை அப்படியே ஏற்கவில்லை. இருட்டறையில் சிறு துளையிட்டு, வெளியே விளக்குகளை வைத்து, ஒளி எப்படிச் செல்கிறது என்று சோதித்தார். பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ஷாதிர், டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பணியில் இருந்தவர். 1371-இல் அப்பள்ளியின் மினாராவுக்கென ஒரு நிழற்கடிகாரம் அமைத்தார். பள்ளிவாசல் ஊழியர் ஒருவர் வானியல் அறிஞராக இருந்தார் என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது. அவர்கள் பெயரை மனனம் செய்வதால் அவர்களுக்கு வாரிசாகிவிட முடியாது. அவர்கள் செய்ததைச் செய்தால் ஆகலாம்.

எங்கள் மக்தப் வாசலில் ஒரு கோலை நட்டு வைத்திருக்கிறோம். அதன் நிழல் மிகக் குறுகும் வேளையைப் பிள்ளைகள் குறிக்கிறார்கள். சூரியன் உச்சி சாய்ந்த பிறகே லுஹர் நேரம் தொடங்கும் என்பதை அவர்கள் கிதாபில் படித்திருக்கிறார்கள். கோல் அதைக் கண்ணுக்குக் காட்டுகிறது. கடிகாரம் 12 மணி காட்டும்போது உச்சி ஆவதில்லை என்று கண்டு வியந்தார்கள். நவம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 11.54-க்கே உச்சி வந்துவிடுகிறது. பிப்ரவரி நடுவில் 12.24 வாக்கில் வருகிறது. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் சராசரியாகப் பத்து நிமிடம் பிந்துகிறோம். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமில்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது என்பதால் மற்ற வேறுபாடு. ஏப்ரல் 21, 22 வாக்கிலும் ஆகஸ்ட் 20, 21 வாக்கிலும் உச்சிவேளையில் கோலுக்கு நிழலே இல்லாமல் போகிறது. நீங்களும் உங்கள் ஊரில் ஒரு கோலை நட்டுப் பாருங்கள். உங்கள் ஊர் எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப நாளும் நேரமும் மாறும். செலவு ஒரு கோல்தான்.

இறுதியாக உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது: பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் "எத்தனை மதிப்பெண்?" என்று மட்டும் கேளாதீர்கள். "இன்று எதைத் தொட்டுப் பார்த்தாய்? எதை அளந்தாய்?" என்றும் கேளுங்கள். அடுப்படியில் தாய் நடத்தக்கூடிய வகுப்பும் உண்டு. நல்ல முட்டை தண்ணீரில் மூழ்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் மிதக்கும். எத்தனை கரண்டி உப்புக்கு மிதந்தது என்று பிள்ளை எண்ணட்டும். ஏன் என்று கேட்கட்டும். விடை உங்களுக்குத் தெரியாவிட்டாலும் கேள்வியை அதட்டி அடக்காதீர்கள்.

இரண்டாவது: உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்குச் செல்லுங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரும் பாதுகாவலரும், பாதிப்பேர் பெண்கள். நம் தாய்மார்கள் அதில் அமரத் தயங்க வேண்டியதில்லை. அங்கே அமர்ந்து பணிவோடு கேளுங்கள்: "ஆய்வகம் இந்த மாதம் எத்தனை முறை திறக்கப்பட்டது? பிள்ளைகள் தாங்களே செய்தார்களா, பார்த்தார்களா?" ஆசிரியரைக் குறை கூறுவதற்காக அன்று, அவர் கேட்கும் கருவி அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக.

மூன்றாவது ஜமாஅத் பெரியவர்களுக்கு: கல்வி உதவியாகப் புத்தகப் பையும் நோட்டும் வழங்குகிறீர்கள், அல்லாஹ் அதற்கு நற்கூலி தருவானாக. அதோடு, செய்முறை வகுப்பு முடிந்து மாலையில் வரும் பெண்பிள்ளைகள் பத்திரமாக வீடு சேரவும் ஒரு வழி செய்யுங்கள். உங்கள் ஊரில் எத்தனை பெண்கள் அறிவியலை விட்டு விலகினார்கள், ஏன் விலகினார்கள் என்று வீடு வீடாகக் கேட்டால், பல வீடுகளில் நீங்கள் கேட்கப்போகும் காரணம் மிகச் சிறியதாக இருக்கும். சிறிய காரணங்களைத் தீர்க்க நம்மால் முடியும்.

இனிப்பும் குளிர்ச்சியுமான நீரையும், உவர்ப்பும் கசப்புமான நீரையும் நினைவூட்டிச் சிந்திக்கச் சொல்கிற வேதம் நம்முடையது. அந்த உவர்நீரின் கரையில் வாழும் பிள்ளைகளுக்கு, அதை அறிந்து அளக்கும் கல்வியைக் கொடுப்பது நம் கடமை. வல்ல அல்லாஹ் அதற்குத் துணை புரிவானாக. ஆமீன்.